உங்களுக்குத் தெரியுமா? மலைச் சமையலும் வீட்டு வைத்தியமும்

தருமபுரி நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டினால் 24 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் வத்தல்மலை. மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள், சாமைக்காடு, கேழ்வரகுக்காடு, சில்வர் ஓக் நிழலில் காபிச் செடிகள், அதே மரத்தில் ஏறிப் படர்ந்த மிளகுக் கொடி. பெரிய மருத்துவமனை கீழே தருமபுரியில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களில் குடும்பத்தின் ஆரோக்கியம் பெரும்பாலும் வீட்டுச் சமையலையும் வீட்டுப் பெண்களின் கைவைத்தியத்தையும் நம்பித்தான் இருக்கிறது. அதில் எது உண்மையாகவே உதவும், எது உதவாது, எந்த நேரத்தில் கஷாயத்தை இறக்கி வைத்துவிட்டு வண்டி பிடிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது மலையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் தேவை.

★

சாமையில் இரும்புச் சத்து கொட்டிக் கிடக்கிறது என்று படித்திருப்பீர்கள். 100 கிராமில் 9.3 மில்லிகிராம் என்பது பழைய அட்டவணைகளில் உள்ள கணக்கு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் புதிதாக அளந்து வெளியிட்ட பட்டியலில் அது 1.26 மில்லிகிராம்தான்! சிறுதானியக் கடைகளின் விளம்பரப் பலகைகளில் இன்னும் பழைய எண்ணே ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் சாமை மட்டமான தானியம் ஆகிவிடாது. அதே 2017 பட்டியலில் 100 கிராம் சாமைக்கு நார்ச்சத்து 7.7 கிராம், புரதம் 10 கிராம். வெள்ளை அரிசிக்கு நார்ச்சத்து 2.8, புரதம் 8-க்கும் குறைவு. சாமையை நம்பிச் சாப்பிட வேண்டியது இந்த நார்ச்சத்துக்காக. இரும்புக்குக் கம்பு (6.4 மில்லிகிராம்), கேழ்வரகு (4.6), முருங்கைக்கீரை (4.6) என்று வேறு பக்கம் போக வேண்டும்.

★

கடையில் பாலீஷ் போட்ட சாமை பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். தவிடு போகாத சாமை மங்கலான பழுப்பு. தவிட்டில்தான் நார்ச்சத்தும் தாதுக்களும். ஆனால் தவிட்டில் எண்ணெயும் இருப்பதால் அது சீக்கிரம் சிக்குவாடை அடித்துவிடும். தவிட்டோடு வாங்குவதானால் ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் அளவு வாங்காதீர்கள். மலையில் உமியோடுதான் சேமிப்பார்கள். தேவைப்படும்போது தேவைப்படும் அளவுக்குக் குத்திக்கொள்வார்கள். உமி இருக்கும்வரை சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது.

சமைக்கும் முறை: ஒரு டம்ளர் சாமையைக் கல் போக அரித்து, அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டரை டம்ளர் தண்ணீர் கொதித்ததும் போட்டு, தீயைக் குறைத்து மூடி வையுங்கள். கஞ்சியை வடிக்க வேண்டாம். தண்ணீர் சுண்டியதும் அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடியே விட்டால் குழையாமல் உதிரியாக வரும். அந்தப் பத்து நிமிடப் பொறுமை இல்லாததால்தான் பல வீடுகளில் சாமைச்சோறு களியாகிப் போய், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள்.

★

காபி விளையும் மலையைப் பற்றிச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் காபி குடித்தால், அந்தச் சாப்பாட்டிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும் இரும்புச் சத்து 39 சதவீதம் குறைந்தது என்று 1983-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. டீ இன்னும் மோசம், 64 சதவீதம்.

அதே ஆய்வில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபி எந்தத் தடையும் செய்யவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ, சாப்பாட்டோடு குடித்த அளவுக்கே தடை இருந்தது. ஆகவே காலையில் எழுந்ததும் குடிக்கும் வரக்காபியால் பெரிய கெடுதல் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு குடிக்கும் காபிதான் வில்லன். அதற்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடும் டீயோடும் விழுங்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரை பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது ஏன் முக்கியம் என்றால், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57.4 சதவீதம். நம் பெண்களில் இருவருக்கு ஒருவர்! "களைப்பா இருக்கு" என்று வீட்டில் யாராவது அடிக்கடி சொன்னால் சோம்பல் என்று எண்ணாதீர்கள். இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

★

ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. அந்தச் செய்தியைச் சொல்வது புறநானூற்றின் 91-ஆம் பாடல். நெல்லிக்காய் ஆயுளை நீட்டும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. ஆனால் ஒரு நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி, அதே எடை ஆரஞ்சில் இருப்பதைப்போலப் பல மடங்கு. கேழ்வரகிலும் கீரையிலும் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்ச வைட்டமின் சி கைகொடுக்கும். களியும் கீரைக் கடைசலும் சாப்பிடும்போது கூடவே ஒரு பச்சை நெல்லித் துவையல் இருந்தால் அது வெறும் ருசிக்காக அல்ல. நெல்லி கிடைக்காத மாதத்தில் எலுமிச்சையோ கொய்யாவோ போதும்.

தேன் நெல்லி என்று பாகில் ஊறப்போட்டு விற்பது பெரும்பாலும் சர்க்கரைதான்.

★

கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. பாலில் ஏறத்தாழ 120. பால் வாங்க முடியாத குடும்பத்துக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. 2023-இல் நீலகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவைக் குறைத்து அதற்குப் பதில் கேழ்வரகு தரும் திட்டத்தை அரசு முன்னோட்டமாகத் தொடங்கியது. கேழ்வரகு சாப்பிட்டுப் பழகிய மாவட்டத்துக்கு ரேஷனில் கேழ்வரகு வந்து சேர 2023 ஆயிற்று என்பது வருத்தம்தான். ஆனாலும் வந்ததே, நல்லது.

★

கைக்குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கஞ்சி கொடுப்பது நம் வழக்கம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தையால் விழுங்க முடியாது. தண்ணீராகக் காய்ச்சினால் வயிறு நிறையும், சத்து நிறையாது. குழந்தையின் இரைப்பை அவ்வளவு சிறியது.

இதற்கு நம் வீடுகளிலேயே விடை உண்டு: முளைகட்டிய கேழ்வரகு. ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை எட்டிப் பார்த்ததும் வெயிலில் காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்துத் திரித்த மாவு. முளைவிடும் தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி ஊறியிருக்கும். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இந்த மாவில் ஒரு சிட்டிகை போட்டுக் கிளறிப் பாருங்கள். சில நிமிடங்களில் கண் முன்னாலேயே கஞ்சி இளகும். தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேர்க்காமல்! பிறகு ஒரு கொதி விட்டு ஆற்றிக் கொடுக்கலாம். மாவை அதிகம் வறுத்துவிட்டால் நொதி செத்துவிடும், மணம் மட்டும்தான் மிஞ்சும். பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் 1980-களில் இதை ஆராய்ந்து, சத்து குறையாத நீர்த்த கஞ்சியாகக் குழந்தைகளுக்குக் கொடுக்க முடியும் என்று காட்டினார்.

★

அதே கேழ்வரகு, சர்க்கரை நோயாளிக்குக் கூழாகக் கொடுத்தால் வேறு கதை. நைசாகத் திரித்து, நன்றாகக் காய்ச்சி, குடிக்கும் பதத்தில் கொடுத்தால் இரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும். கேழ்வரகு என்பதற்காக அளவில்லாமல் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். களியோ அடையோ அளவாக, கூடவே அவரைக்கொட்டைக் குழம்பு, கீரை என்று சேர்த்துச் சாப்பிடுவது மேல்.

★

தருமபுரி மாவட்டத்தின் பழைய துயரம் தண்ணீரில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போக, பாறையிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து வரும். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. பல் உருவாகும் பருவத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை நிரந்தரமாகத் தங்கிவிடும். பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகிப்போகும். இதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல், 2013-இல் தொடக்கம்.

இங்கே பலர் அறியாமல் செய்யும் தவறு ஒன்று: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது. கிருமிக்குக் கொதிக்க வைப்பது சரி. ஃப்ளோரைடு ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட, மிச்சமுள்ள தண்ணீரில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டுவதாலும், தேற்றாங்கொட்டை தேய்த்துத் தெளியவைப்பதாலும் அது போகாது. குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுக் குடிநீரையோ சேமித்த மழைநீரையோ வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் ஒதுக்குவதே வழி.

இன்னொரு செய்தி, தருமபுரிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பள்ளிச் சிறுவர்களுக்கு மதிய உணவோடு நாள்தோறும் 10 கிராம் புளி வீதம் 18 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர் வழியாக வெளியேறும் ஃப்ளோரைடின் அளவு கூடியது. 2002-இல் வெளியான ஆய்வு இது. புளியமரம் நிறைந்த மாவட்டம் இது, புளிக்குழம்பு இல்லாத நாள் அபூர்வம். சிறிய ஆய்வுதான். கெட்ட தண்ணீரைக் குடித்துக்கொண்டே புளியை நம்பியிருக்க முடியாது. ஆனால் சுண்ணாம்புச் சத்துள்ள கேழ்வரகு, வைட்டமின் சி உள்ள நெல்லி, இந்தப் புளி மூன்றும் ஃப்ளோரைடு பாதித்த ஊர்களின் சாப்பாட்டில் இருக்க வேண்டியவை என்று துணிந்து சொல்லலாம்.

★

மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடுவது ஏன்? மஞ்சளில் உள்ள குர்குமின் தானாக இரத்தத்தில் கலப்பது மிக மிகக் குறைவு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் தன்னார்வலர்களுக்கு 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச்சத்தான பைப்பரினை வெறும் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு கூடியது. இரத்தத்தில் சேர்ந்தது என்பதாலேயே நோய் தீர்ந்தது என்று பொருளில்லை. தொண்டை கரகரப்புக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

மிளகின் இந்தக் குணம் சில மருந்துகளையும் இரத்தத்தில் கூட்டும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் அவற்றில் ஒன்று. இரசத்தில் போடும் மிளகுக்குப் பயம் வேண்டாம். மாத்திரை வடிவில் விற்கும் மஞ்சள், மிளகுச் சாரங்களை மருத்துவரிடம் கேட்காமல் விழுங்காதீர்கள்.

★

ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் தேன் தடவக் கூடாது. மலைத்தேன் என்றாலும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்து, பக்குவப்படாத குடலில் முளைத்து நச்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமல் என்றால் இரவில் ஒரு தேக்கரண்டி தேன் நல்ல மருந்து.

★

வசம்பைச் சுட்டுக் கரியாக்கித் தாய்ப்பாலில் குழைத்துக் குழந்தைக்குப் புகட்டுவது தமிழ்நாடு முழுக்க உள்ள பழக்கம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது, இந்தியாவில் விளையும் வகையில் அது அதிகம். எலிகளுக்குக் கொடுத்தபோது புற்றுக்கட்டிகள் உண்டானதால் அமெரிக்கா 1968-லேயே உணவில் வசம்பைத் தடைசெய்தது. கையில் கட்டிவிடுங்கள், மனத்திருப்திக்குத் தடையில்லை. ஆனால் கயிறும் மணியும் குழந்தையின் வாய்க்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம்வரை குழந்தையின் வாய்க்குள் தாய்ப்பாலும், மருத்துவர் சொன்ன மருந்தும் தவிர வேறெதுவும் போக வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், கழுதைப்பாலும் வேண்டாம்.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதையும் நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் வெளியே வராது. அதனால் வரும் நிமோனியா ஆறுவதற்கு வெகுநாள் பிடிக்கும்.

★

"பச்சை உடம்பு, தண்ணி அதிகம் குடிக்காதே" என்று பிள்ளை பெற்றவளிடம் சொல்லும் வீடுகள் இன்னும் உண்டு. தவறு. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் அன்றாடச் சாப்பாட்டுக்கு மேல் 600 கலோரி கூடுதலாகத் தேவை. தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் வேண்டும். பூண்டுக் குழம்பும் சுக்கும் கருவாடும் கொடுங்கள், நல்லவைதான். அதற்காகக் கீரையையும் பழத்தையும் பருப்பையும் பத்தியம் என்று பறிக்காதீர்கள்.

★

வயிற்றுப்போக்கில் குழந்தை இறப்பது கிருமியால் மட்டுமல்ல, பெரும்பாலும் உடலின் நீர் வற்றிப்போவதால். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் நீர் பாட்டில்கள் தீர்ந்துபோயின. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. நர்ஸ் அல்ல, அம்மாக்கள் கொடுத்த மருந்து அது. அவர் 2022-இல் காலமானார். மறு ஆண்டு பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இரண்டு பொட்டலம் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். கையில் இல்லாத இரவில் நீங்களே கலக்கலாம்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. குவித்து அள்ளாமல், விரலால் வழித்துத் தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் ஆபத்து. கலக்கியதும் முதலில் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி தொடருங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் ஒரே கரைசலை வைத்திருக்கக் கூடாது.

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, நீர்மோர் எல்லாம் துணைக்கு நல்லவை. பாட்டில் குளிர்பானமும் டப்பா ஜூஸும் போக்கை அதிகமாக்கும். துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுத்தால் நோய் சீக்கிரம் தணியும், அடுத்த சில மாதங்களில் திரும்ப வருவதும் குறையும். போக்கு நின்ற மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். கண் குழி விழுந்தாலும், மலத்தில் இரத்தம் வந்தாலும், குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலும் உடனே மருத்துவமனை.

★

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் இதைச் சோதித்து 1988-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

காமாலையில் பல வகை. அசுத்தத் தண்ணீரால் வரும் வகை பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும். அப்போது எதைச் சாப்பிட்டாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். ஹெபடைட்டிஸ் பி அப்படியல்ல, ஓசையில்லாமல் ஈரலைத் தின்னும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தவணை போடவேண்டும். கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைப்பதற்கு முன் இரத்தப் பரிசோதனை.

★

2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசே நிலவேம்புக் குடிநீர் வழங்கியது. நிலவேம்போடு வெட்டிவேர், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பற்படாகம் உட்பட ஒன்பது சரக்கு சேர்ந்தது அது. குடிப்பவர்கள் குடிக்கட்டும். ஒன்றை மறக்காதீர்கள்: டெங்குவில் ஆபத்தான நாட்கள், காய்ச்சல் அடித்த நாட்கள் அல்ல. காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஓரிரு நாட்கள்தான். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், கைகால் சில்லிடுதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. வலி மாத்திரையாக பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் புரூஃபெனும் வேண்டவே வேண்டாம்.

★

தீக்காயத்துக்குப் பேஸ்ட், மாவு, இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் கூடாது.

★

மலையில் பெய்யும் மழை மண்ணிலுள்ள அயோடினைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். அந்த மண்ணில் விளைந்ததை மட்டும் சாப்பிட்டால் கழுத்துக் கழலை வரும், வயிற்றில் உள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கும். கல் உப்புதான் இயற்கை என்று சொல்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அயோடின் சேர்த்த கல் உப்பும் கடையில் கிடைக்கிறது, பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய டப்பாவில், அடுப்புச் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

★

தருமபுரி மாவட்டத்தின் இன்னொரு மலைப்பகுதி சிட்லிங்கி. அங்கும் மலையாளி மக்களே பெரும்பான்மை. 1993-இல் மருத்துவத் தம்பதி ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே போய்க் கூரைக் கொட்டகையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அப்போது ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. பிறகு அது 20-ஐ ஒட்டிக் குறைந்தது. வெளியூர் நர்ஸ்களை எதிர்பார்க்காமல் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஊருக்கு ஊர் ஒரு பெண், தாய்மார்களோடு உட்கார்ந்து பேசினாள். சாமையும் கேழ்வரகும் மறுபடி பயிராக வேண்டும் என்று விவசாயிகளையும் கூட்டினார்கள். தடுப்பூசியும் களியும் அங்கே எதிரெதிர்க் கட்சிகள் அல்ல. வீட்டு வைத்தியம் பெரிதா, ஆஸ்பத்திரி பெரிதா என்று சண்டை போடுகிறவர்கள் ஒருமுறை சிட்லிங்கியைப் பற்றிப் படிக்க வேண்டும்.

★

சளிக்குத் துளசி, கற்பூரவல்லி, தூதுவளை இரசம் எல்லாம் கொடுங்கள். கூடவே ஒரு கணக்கும் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தபடி, கடிகாரத்தில் முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசு என்றால் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50 அல்லது மேல், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது மேல் என்றால் அது வெறும் சளி அல்ல, நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டும் இருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. படிக்காத தாயும் செய்யக்கூடியது. 24 வளைவு இறங்க வேண்டிய ஊரில், ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புவதா வேண்டாமா என்ற முடிவுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

★

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அடுத்த மாதமே, செப்டம்பர் 30-இல் முதல்வர் மு.க. ஸ்டாலின் வத்தல்மலைக்கு வந்து பழங்குடி மக்களைச் சந்தித்தார். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. வாங்கி டப்பாவில் போட்டுவிட்டு, வெந்தயமும் ஆவாரம்பூவும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இரத்த அழுத்தம் ஏறும்போது பெரும்பாலும் ஓர் அறிகுறியும் தெரியாது. உணவைக் கட்டுப்படுத்துவதும் மாத்திரையும் சேர்ந்தே போக வேண்டும். மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அவசர ஊர்திக்கு 108. ஆலோசனை கேட்க 104. இரண்டையும் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கும், படிக்கத் தெரியாத பாட்டிக்கும் மனப்பாடம் ஆகட்டும்.